வீட்டுக் கடிதத்தை வீட்டுக்கே விட்டுவிடுங்கள்

வட மாநிலப் பணித்தளங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டச் சபையாருக்கு,



குறை சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் அன்பிலோ கொடுக்கும் மனதிலோ குறையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலையில் போடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சேர்த்த காணிக்கையாலும், பீடி சுற்றிய கூலியில் ஒதுக்கிய காசாலும் மிஷனரிகளை அனுப்பிய மண் இது. வெளிநாட்டுப் பணத்தையும் ஆளையும் எதிர்பார்க்காமல் நாமே அனுப்புவோம் என்று 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் சீமையின் டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பியவர்களின் வழிவந்தவர்கள் நீங்கள். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. குஜராத்தின் டாங்ஸ் காடுகளுக்கும் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். 22, 23 வயதில், இந்தியும் தெரியாமல் அந்த மலைகளின் பாஷையும் தெரியாமல் போய் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக நீங்கள் முழங்காலில் நிற்பதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பிள்ளை தன் தாய்க்கு எழுதும் கடிதத்தை, அந்தத் தாயிடமே இருக்க நீங்கள் விடுவதில்லை. என் குறை அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மகனிடமிருந்து கடிதம் வந்த சேதி தெருவில் பரவுகிறது. உபதேசியார் வீட்டுக்கு வந்து, 'ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்போமே, சபைக்கு உற்சாகமாயிருக்கும்' என்கிறார். தாய்க்குப் பெருமை, எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள், எல்லாரும் 'அல்லேலூயா' சொல்கிறார்கள். யாருக்கும் தீங்கு நினைத்துச் செய்த காரியம் இல்லை. ஆனால் தன் கடிதம் வாசிக்கப்பட்டது என்று மகனுக்குத் தெரிந்த நாளோடு ஒன்று முடிந்துபோகிறது. அடுத்த மாதக் கடிதம் 'அன்புள்ள அம்மா' என்று தொடங்கினாலும் அது சபைக்கு எழுதப்பட்டதாகத்தான் இருக்கும். காய்ச்சலில் கிடந்தது அதில் வராது. உடன் ஊழியரோடு ஒத்துப்போகவில்லை என்பது வராது. இரண்டு மாதமாக ஒருவரும் வீட்டுக்குள் அழைக்கவில்லை என்பதும், இரவில் பயமாயிருக்கிறது என்பதும் வராது. 'தேவ கிருபையால் நல்ல சுகமாயிருக்கிறேன்' என்பது மட்டும் வரும்.

பழைய நீல இன்லண்ட் லெட்டரைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். விரித்தால் உள்பக்கம் முழுவதும் கிராமங்களின் பெயர், நடந்த கூட்டங்கள், ஜெபக்குறிப்புகள். இடமெல்லாம் தீர்ந்த பிறகு, பசை ஒட்டும் மடிப்பின் ஓரத்தில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும்: அம்மா, முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, சின்ன ஆடு குட்டி போட்டதா என்று. பீடத்தில் நின்று வாசிக்கிறவர் அந்த ஓரத்தை வாசிக்கமாட்டார், அது சபைக்கு வேண்டியதில்லை. தாயோ கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அந்த ஓரத்துக்காகத்தான். இன்று இன்லண்ட் லெட்டர் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஓரம் இன்னும் சுருங்கிவிட்டது. சிக்னலுக்காக ஒரு பாறைமேல் ஏறி நின்று மகன் பேசுகிறான். இங்கே போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் ஜெபக்குழு அக்காமார். 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேம்மா.' 'காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?' 'இல்லம்மா.' வேறென்ன சொல்வான்? அவன் அனுப்பிய குரல்பதிவு அன்று மாலைக்குள் நான்கு குழுக்களுக்குப் போய்விடும் என்று அவனுக்குத் தெரியாதா?

பணம் கொடுக்கிற சபைக்கு விவரம் தெரிய உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதை நான் மறுக்கவேயில்லை. பணித்தளத்தில் என்ன நடக்கிறது, கொடுத்த பணம் எங்கே போனது, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் அறிக்கை. அதை ஊழியர் உங்களுக்கென்று எழுதவேண்டும், தாமதித்தால் நீங்கள் கேட்கவும் வேண்டும். வீட்டுக் கடிதம் வேறு. அறிக்கை எழுதும்போது அவன் உங்கள் பிரதிநிதி. வீட்டுக்கு எழுதும்போது அவன் ஒருத்தியின் மகன், ஒருத்தியின் அண்ணன். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுத வைத்தீர்களானால் இரண்டும் கெட்டுப்போகும். வீட்டுக்குப் பொய் போகும். அறிக்கையோ, தாயைக் கலங்கவைக்கக் கூடாதே என்ற நினைப்பில் மெழுகிப் பூசப்பட்டு உங்களிடம் வரும். ஆகவே உண்மையான அறிக்கை வேண்டுமென்றாலும், நீங்கள் வீட்டுக் கடிதத்தைத் தொடாமல் இருக்கவேண்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் கடிதங்களில் பணித்தளத்து மனிதர்களும் வருகிறார்கள். யாரோ ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணின் வியாதியும், அவள் புருஷனின் குடியும் நம் ஊர் ஒலிபெருக்கியில் ஏறுகின்றன. அவள் நம்பிச் சொன்னது அந்தத் தம்பியிடம், உங்களிடம் இல்லை.

நல்ல செய்தி மட்டுமே கேட்க விரும்புவது நம்மிடம் தொடங்கியதல்ல. மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறையும் சமயம். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டார்கள். அந்த அறிக்கைகளை வாசித்துத்தான் ஐரோப்பாவில் பலர் காணிக்கை கொடுத்தார்கள். ஆனால் மிஷனரிகள் எழுதியதெல்லாம் எழுதியபடி அச்சேறவில்லை. கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தோன்றியவை வெட்டப்பட்டன. இந்த நாட்டுத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு கருத்தாய்க் கேட்டு எழுதி 1713இல் அனுப்பிய நூல், ஹாலேயில் இருந்தவர்களுக்குப் பிடிக்காமல் கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. அனுப்பியவர்களுக்குத் தாங்கள் அனுப்பிய மனிதனின் கண் என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய 150 ஆண்டுகள் மனதில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டாம்; டோனாவூருக்கே வாருங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் நம் மாவட்டத்தில் வாக்கர் ஐயர் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றி வேலை செய்த ஆண்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனந்திரும்புகிறவர்கள் மிகச் சிலர், கதவுகள் அடைபட்டே இருக்கின்றன, வேலை கடினம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். கையெழுத்துப் படி இங்கிலாந்துக்குப் போயிற்று. கொஞ்சம் உற்சாகமூட்டும்படி மாற்றி எழுதுங்கள் என்று திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை, எடுத்து வைத்துவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தியதால் 1903இல் அது வெளிவந்தது. அவருக்கு இருந்த உறுதி எல்லாருக்கும் இருக்குமா? சபையின் ஆதரவை நம்பி முதல் ஆண்டைக் கடந்துகொண்டிருக்கும் 23 வயதுப் பிள்ளையிடம், அவன் வீட்டுக்கு எழுதிய வரிகள் 'உற்சாகமாக இல்லை' என்ற பேச்சு போய்ச் சேர்ந்தால், அவன் மறுபடியும் உண்மை எழுதுவானா?

இந்த இடத்தில் உங்களில் மூத்தவர்கள் வேதாகமத்தைத் திறப்பீர்கள் என்று தெரியும். கலப்பையின்மேல் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவனைப் பற்றி ஆண்டவர் சொன்னதை எடுப்பீர்கள். தகப்பனையும் தாயையும் தம்மிலும் அதிகமாய் நேசிப்பவன் தமக்குப் பாத்திரன் அல்ல என்று அவர் சொன்னதையும் எடுப்பீர்கள். அந்த வசனங்களின் கூர்மையை மழுக்க நான் வரவில்லை. அழைப்பு வந்தால் வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டும். போகாமல் சாக்குச் சொல்கிறவனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. நம் பிள்ளைகள் சாக்குச் சொல்லவில்லையே, போய்விட்டார்களே! போனவன் வீட்டை நினைக்கவே கூடாது என்று அங்கே எங்கே இருக்கிறது? கலப்பையை விட்டு எழுந்துபோன எலிசா, முதலில் தகப்பனையும் தாயையும் முத்தமிட்டுவர விடைகேட்டான், எலியா தடுக்கவில்லை. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி, தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று கையை உதறிக்கொள்கிறவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கடிந்துகொண்டார் என்பதும் அதே சுவிசேஷங்களில்தான் இருக்கிறது. சிலுவையில் தொங்கும்போதுகூட தம் தாய்க்கு ஒரு வீட்டை ஒழுங்குசெய்துவிட்டுத்தான் போனார். பவுலைப் போன்ற வைராக்கியக்காரர் உண்டா? அவரே சிறையிலிருந்து, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, குளிர்காலத்துக்குமுன் வந்துசேர், லூக்காவைத் தவிர என்னோடு ஒருவரும் இல்லை என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இப்படி ஒரு வரியை நம் பிள்ளை எழுதியிருந்தால், 'விசுவாசத்தில் தளர்ந்துவிட்டான்' என்றல்லவா பேசியிருப்போம்?

ஆனால் உங்களை நிறுத்தவேண்டிய இடம் பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம். எப்பாப்பிரோதீத்துவை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. அவன் யார்? ஒரு சபை அனுப்பிய ஆள். பிலிப்பி சபையார் காணிக்கை சேர்த்து, அவன் கையில் கொடுத்து, பவுலுக்கு உதவியாக இரு என்று அனுப்பினார்கள். உங்களைப் போன்ற சபை. உங்கள் பிள்ளையைப் போன்றவன். போன இடத்தில் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானான். தான் வியாதிப்பட்டது ஊரில் தெரிந்துவிட்டதே என்பதுதான் அவனை வாட்டியது; ஊரார் எல்லார்மேலும் ஏக்கமாயிருந்தான் என்று பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, கலப்பையை ஞாபகப்படுத்தவில்லை. சீக்கிரமாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அனுப்பியதோடு விடவில்லை; அவனைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்று சபைக்கும் எழுதினார். ஏன் எழுதவேண்டியிருந்தது? பாதியில் வந்துவிட்டானே என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்று பவுலுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன். நம் ஊர்களில் அப்படித்தான் பேசுகிறோம். காய்ச்சலிலும் மனச்சோர்விலும் வற்றித் திரும்பி வந்தவன் கடைத்தெருவுக்குப் போகக் கூசுகிறான், கன்வென்ஷன் பந்தலில் பின்வரிசையில் உட்காருகிறான். அப்படித் திரும்ப வேண்டியிருக்கும் என்ற பயத்தில், திரும்பவேண்டியவன் திரும்பாமலும் இருக்கிறான். எப்பாப்பிரோதீத்துவின் வியாதி பிலிப்பிக்குத் தெரிந்ததால்தான் அவனுக்காகக் கவலைப்பட அங்கே ஆள் இருந்தது. நம் பிள்ளையின் வியாதி நமக்கு ஏன் தெரிவதில்லை என்று யோசித்தீர்களா?

அந்தக் காலத்து மிஷனரிகள் எந்தத் தொடர்பும் இல்லாமல் வாழவில்லையா, இவர்களுக்கு மட்டும் என்ன என்று இன்னொரு கேள்வி வரும். இதைச் சொல்லும்போது முன்னோர்களைக் கல்லில் செதுக்கிய சிலைகளாகவே பார்க்கிறோம். சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்தவர். கோவாவில் 1542இல் இறங்கியவருக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர மாதங்கள் அல்ல, வருஷங்கள்கூட ஆகும். அவர் என்ன செய்தார் தெரியுமா? தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்துத் தம்மோடு எப்போதும் வைத்துக்கொண்டிருந்தார். அம்போன் தீவிலிருந்து 1546இல் எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். விரல் நீளத் தாள்துண்டுகளை மார்போடு வைத்துக் கடல் கடந்தவரையா தொடர்பே வேண்டாதவர் என்கிறோம்? அவருடைய சபைத் தலைவரான இக்னேஷியஸ் 1553 ஜூனில் அவரைத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்துவிட்டார். இறந்த மனிதருக்குக் கடிதம் எழுதவைத்தது அந்தக் காலத்துத் தூரம். அது அவர்கள் விரும்பித் தேர்ந்துகொண்ட தவம் இல்லை. கடல் போட்ட வேலியை நாம் சட்டமாக்கி, இன்றைய பிள்ளையைச் சுற்றிப் போடுவது என்ன நியாயம்?

ஏமி அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் கண்மூடும்வரை ஒருமுறைகூடத் தாயகம் போகவில்லை என்பதும் அடிக்கடி எடுக்கப்படும் சாட்சி. உண்மைதான். ஆனால் மகள் போகாத குறைக்கு அவர் தாயாரே கப்பலேறி டோனாவூருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் மகளோடும் குழந்தைகளோடும் தங்கினார் என்பதை ஏன் சேர்த்துச் சொல்வதில்லை? தாய் மகளின் பணித்தளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மகள் எழுதிய ஒவ்வொரு இடத்தின் பெயரும் அவருக்கு முகம் தெரிந்த பெயர். நாம் அனுப்பும் பிள்ளைகளின் தாய்மாரில் எத்தனைபேர் பணித்தளத்தைப் பார்த்திருக்கிறார்கள்? மறுபக்கம் மயிலாடியின் ரிங்கல்தௌபே ஐயரை நினையுங்கள். 1806 முதல் பத்தாண்டு தனி ஆளாய்த் தெற்குத் திருவிதாங்கூரில் உழைத்தவர், கிடைத்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தவர். உடல் நலிந்து 1816இல் கிளம்பிப்போனார். எங்கே, எப்படி இறந்தார் என்று இன்றுவரை உறுதியாக ஒருவருக்கும் தெரியாது. குமரி மாவட்டச் சபைகள் அவர் பெயரைக் கொண்டாடுகின்றன. அவருடைய கல்லறைக்கு ஒரு பூ வைக்க இடம் தெரியாது. தனிமையைப் புகழ்வதற்குமுன் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

இன்னும் ஒரு மறுப்பு உண்டு; எல்லாவற்றிலும் கனமானது அதுதான். தினமும் இரவு இரண்டு மணிநேரம் வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பவன் எப்படிப் பணித்தளத்து மொழி படிப்பான், எப்படி அந்த ஊர் மனிதனாவான் என்று அனுபவமுள்ள ஊழியர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. மால்தோ மொழி பேசும் ராஜ்மகால் மலையில் இருந்துகொண்டு காதில் தமிழையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாக்கு திரும்பாது. மாலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவேண்டிய நேரத்தை போன் தின்றுவிடும். வீட்டுச் சில்லறைப் பிரச்சினை ஒவ்வொன்றும் அன்றன்றைக்குக் காதில் விழுந்தால், உடம்பு அங்கே, மனம் இங்கே என்றாகிவிடும். ஆகவே எந்நேரமும் பேசட்டும் என்று நான் கேட்கவில்லை. அளவு வைக்கலாம், ஆனால் அந்த அளவுக்குள் ஒளிவு இருக்கக்கூடாது. நம் சபைகளுக்கு உபதேசத்தில் ஒப்புதல் இல்லாத ஒரு கூட்டத்திடமிருந்துகூட இதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. மார்மன் சபையார் தங்கள் இளைஞர்களை 24 மாதமும் இளம்பெண்களை 18 மாதமும் ஊழியத்துக்கு அனுப்புகிறவர்கள். கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பானவர்கள். நெடுங்காலமாக வாரம் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ மட்டும். போனில் பேசுவது பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். அவர்களே 2019 பிப்ரவரியில் அதை மாற்றி, வாரத்தில் ஒரு நாள், துணி துவைத்துச் சாமான் வாங்கும் ஓய்வு நாளில், வீட்டோடு பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்று அனுமதித்தார்கள். அத்தனை ஆண்டு கண்டிப்புக்குப் பிறகும் வாரத்துக்கு ஒருமுறை என்பது ஊழியத்தைக் கெடுக்காது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

கடிதத்தில் ஒளிப்பது அங்கிருந்து மட்டும் நடக்கவில்லை. இங்கிருந்தும் ஒளிக்கிறோம், அதையும் பக்தி என்று நினைத்துச் செய்கிறோம். தகப்பனாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். 'தம்பிக்குச் சொல்லவேண்டாம், ஊழியம் கெட்டுப்போகும்' என்று பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். ஆச்சி இறந்து அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் பேத்திக்குச் செய்தி போகும். அவள் வந்துசேர மூன்று நாள் ஆகும் என்பது சரிதான். கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ருகருக்கும் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அடக்கத்துக்கு வரமுடியாமல் போகலாம். ஆனால் வரவா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையையும், அன்றைக்கே அழும் உரிமையையும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒருமுறை இப்படி மறைத்துவிட்டால் அதன்பிறகு வீட்டிலிருந்து வரும் 'எல்லாரும் சுகம்' என்ற வார்த்தையை அவள் நம்பமாட்டாள். நள்ளிரவில் தவறிவரும் ஒரு மிஸ்டுகாலுக்கு நெஞ்சு படபடக்கும். மறைத்தால் மனம் அமைதியாயிருக்கும் என்று எண்ணினோம். மறைத்ததால்தான் அமைதி போயிற்று. பெண்பிள்ளைகளுக்கு இந்த வாதை இன்னும் அதிகம். வரன் பேசுவது, நகைக்குக் கடன் வாங்குவது, தம்பியின் படிப்புக்குப் பணம் கட்டமுடியாதது எல்லாம் அவளைக் கேட்காமல் நடந்து, முடிவான பிறகு 'கர்த்தருடைய சித்தம்' என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது.

பெற்றோரின் நிலைமையையும் நீங்கள் பார்ப்பதில்லை. ஒரே மகனை அனுப்பிவிட்டு இருக்கும் தாயிடம் சபை வாசலில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: 'தம்பி ஊழியமெல்லாம் எப்படி நடக்குது?' அவள் சாட்சி சொல்லியாகவேண்டும். பயமாயிருக்கிறது என்று சொன்னால் அவிசுவாசம். அழுதால், காணிக்கையாகக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கிறாளே என்பார்கள். பிள்ளையின் உண்மையான கடிதம் ஒன்று அவளுக்கு வந்தால்கூட, அதை வைத்துக்கொண்டு அழ அவளுக்கு ஓர் இடம் வேண்டாமா? அன்னாள் சாமுவேலை ஆலயத்தில் விட்டாள் என்று எல்லாப் பிரதிஷ்டைக் கூட்டத்திலும் பேசுகிறோம். ஒவ்வொரு வருஷமும் அவள் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போனாள் என்பதும் அதே புஸ்தகத்தில் உண்டு. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்க, போன வருஷத்து அளவு போதாது; நேரில் பார்த்திருக்கவேண்டும், அல்லது பார்த்தவர்களிடம் கேட்டிருக்கவேண்டும். ஏலி அவளைத் தடுக்கவில்லை. புருஷனையும் மனைவியையும் ஆசீர்வதித்தான்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளை வீட்டுக்கு எழுதுவதை, பேசுவதை, அனுப்புவதை சபையில் வாசிப்பதையும் குழுக்களில் பரப்புவதையும் இன்றோடு நிறுத்துங்கள். 'இது உனக்கும் உன் வீட்டாருக்கும் உரியது, நாங்கள் கேட்கமாட்டோம்' என்று சேகர குருவும் மிஷனரிக் குழுச் செயலரும் கையெழுத்திட்டு அவனுக்கே எழுதுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அவனுக்குத் தைரியம் வரும். அறிக்கையைத் தனியே வாங்குங்கள், அதில் வேலை நடக்கவில்லை என்று எழுதியிருந்தாலும் அந்த மாதக் காணிக்கை குறையாது என்று சொல்லிவையுங்கள். வாரத்தில் ஒரு மணிநேரம் வீட்டுக்கென்று ஒதுக்கச் சங்கத்தாரிடம் பேசுங்கள். அந்த நேரத்தில் உபதேசியாரும் நாமும் அந்த வீட்டுக்குப் போகவேண்டாம். வீட்டில் வியாதியோ சாவோ வந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று குடும்பத்தாருக்குப் புத்தி சொல்லுங்கள். வர விரும்பினால் டிக்கெட் எடுக்கச் சபையில் ஒரு தொகை எப்போதும் தயாராயிருக்கட்டும்.

பணித்தளத்துக்கு ஒருமுறையாவது பெற்றோரை அனுப்புங்கள். இதை வலியுறுத்திக் கேட்கிறேன், ஏனென்றால் செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்க மிகச் சுலபமானது இதுதான். அசனத்துக்கும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கும் நாம் செலவிடுவதைப் பார்த்தால், இரண்டு பேருக்கு ஸ்லீப்பர் டிக்கெட் பெரிய காரியமில்லை. மகன் தண்ணீர் சுமக்கும் வழியை, அவன் படுக்கும் கட்டிலை, அவனைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட அந்த ஊர்க் கிழவியைத் தாய் ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்கும்போது எந்த அடுப்பில், யார் சமைத்தது என்று அவளுக்குத் தெரியும். அவனும் பொய் சொல்லமாட்டான். திரும்பி வரும் பிள்ளை எவனானாலும், ஐந்து வருஷத்தில் வந்தாலும் ஐந்து மாதத்தில் வந்தாலும், பிலிப்பியருக்குப் பவுல் சொன்னபடி அவனைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டு முன்வரிசையில் உட்காரவையுங்கள். ஏன் வந்தாய் என்று முதல் நாளே கேட்காதீர்கள்.

இவற்றில் சில கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டியவை, நாளாகும். ஒன்றுக்குக் கமிட்டி வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தத் தாய் வாசலில் நிற்பாள். ஊழியம் எப்படி நடக்கிறது என்று கேட்காதீர்கள். முழங்கால் வலி தேவலையா என்று கேளுங்கள். மகனைப் பற்றி அவளாகச் சொன்னால் நின்று கேளுங்கள். சொல்லாவிட்டால் வீடுவரை கூட நடந்துபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள்,
சபை அங்கத்தினன் ஒருவன்